செஞ்சியா, செம்மண் காடா, ஏரிக்கரையா?

மார்கழி பிறந்த வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். "மாமா, பொங்கலுக்கு வரேன். சைக்கிளையும் எடுத்துட்டு வரேன். லீவு இருக்கு, ரெண்டு நாள் எங்கயாவது மண் ரோட்ல ஓட்டலாமா?" வண்டி புதுசு. 29 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், மண்ணைப் பிடிக்கக் குமிழ் குமிழாகத் துருத்திய பட்டன் டயர். அதை அவன் இதுவரை மண்ணில் இறக்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பியதோடு சரி.

"புதுச்சேரியில ஏது மலை? மலைச் சைக்கிளை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த வண்டிக்கு மலை இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. தார் போடாத பாதை இருந்தால் போதும். ஏரிக்கரை, வாய்க்கால் மேடு, முந்திரித் தோப்பின் ஓரம், ஆற்றங்கரை என்று அது நம் பக்கம் எவ்வளவோ கிடக்கிறது. போதாததற்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பல்லவன், சோழன், மராட்டியன், பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன் என்று யாராவது ஒருவர் விட்டுப்போன கல் ஒன்று நிற்கும்.

அவன் மனதில் மூன்று வழி இருந்தது. ஒன்று செஞ்சிக் கோட்டை. இரண்டு, ஆரோவில் தாண்டித் திருவக்கரை கல்மரப் பூங்கா. மூன்று, பாகூர் ஏரி வழியாகக் கடலூர் கேப்பர் மலை. மூன்றையும் நான் வெவ்வேறு மாதங்களில் ஓட்டியிருக்கிறேன். ஒன்றில் கால் போனது, ஒன்றில் கியர் போனது, ஒன்றில் டியூப் போனது. அதனால் கொஞ்சம் அதிகாரத்தோடு சொல்லலாம் என்று நினைக்கிறேன்: போகும் இடத்தின் பெயரைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். அந்த மாதத்தில் அந்த மண் எப்படி இருக்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவனுக்குச் செஞ்சி மேல்தான் கண். ஆசைப்படுவதில் தப்பில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12 ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் நம் செஞ்சி. புதுச்சேரிக்காரர்களுக்கு அது அந்நிய ஊரும் இல்லை. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. சின்ன வயதில் அதில் ஏறி வழுக்கி விளையாடாதவர்கள் ஊரில் குறைவு. சிவாஜி 1677 இல் பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்து முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. 1750 இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள், 1761 இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் ஒரே மதில் சுற்றி வளைத்துக்கொண்டு போவதைத் தூரத்தில் பார்க்கும்போது, எத்தனை தரம் பார்த்தாலும் சைக்கிள் தானாக நின்றுவிடும்.

ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி? புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் சுமார் 38 கிலோமீட்டர், நான்கு வழிச்சாலை. அங்கிருந்து செஞ்சி இன்னும் 28 கிலோமீட்டர் பக்கம். ஆக 65 கிலோமீட்டருக்கு மேல் தார். பட்டன் டயர் தாரில் ஓடும்போது ஒரு முனகல் சத்தம் வரும், கேட்டவர்களுக்குத் தெரியும். நாம் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு அந்தச் சத்தமாகவே போய்விடும். மணிக்கு 15 கிலோமீட்டர் வைத்தாலும் நாலரை மணி நேரம், பக்கத்தில் ஆம்னி பஸ் உரசிக்கொண்டு போக. அப்படி ஒருமுறை போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வெயில் ஏறிவிட்டது. தொல்லியல் துறை காக்கும் கோட்டை, சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நடக்க வேண்டும். ராஜகிரி 800 அடி, கருங்கல் படிக்கட்டு. பாதி ஏறும்போது வலது தொடை இழுத்துக்கொண்டது. ஒரு மண்டபத்தின் நிழலில் அரை மணி நேரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டிக்கொண்டு போன நண்பர் உச்சிக்குப் போய்ப் போட்டோ எடுத்து வந்து காட்டினார். நான் பார்த்த ராஜகிரி உச்சி அந்தப் போட்டோவோடு சரி. சைக்கிள் ஓட்டிய திருப்தியும் இல்லை, கோட்டை பார்த்த திருப்தியும் இல்லை.

செஞ்சியை ஒழுங்காகப் பார்க்க வேறு ஒரு வழி இருக்கிறது. வண்டியை ஒரு குட்டி யானையில், அதாவது சின்னச் சரக்கு வேனில், ஏற்றிக்கொண்டு முதல் நாளே போய்விட வேண்டும். அன்று கோட்டை, நடை மட்டும். மறுநாள் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியுள்ள கிராமங்கள். சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து பள்ளிகொண்ட ரங்கநாதர். அதன் பக்கத்திலேயே திருநாதர் குன்று. ஒரே உருண்டைப் பாறையில் சமணர்களின் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக. 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரிகரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. பிறகு மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். இவற்றை இணைக்கும் ஊர்ச்சாலைகளும் வண்டிப் பாதைகளும் கல்லும் சரளையுமாக, பட்டன் டயருக்கென்றே போட்டது போல இருக்கும். மழை பெய்தாலும் சேறு ஒட்டாது, ஏனென்றால் அடியில் எல்லாம் பாறைச் சிதிலம். ஒரே எச்சரிக்கை: மலைப்பக்கம் காப்புக்காடு இருக்கிறது. மேப்பில் கோடு தெரிகிறதே என்று உள்ளே போகக் கூடாது. வனத்துறையிடம் அனுமதி வாங்காமல் போனால் சைக்கிள் அவர்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும்.

இதைச் சொன்னதும் அவன், "அப்ப செஞ்சியே போலாமே மாமா" என்றான். போகலாம். பொங்கல் விடுமுறையில் வேண்டாம். அந்த வாரம் கோட்டை வாசலில் சுற்றுலா பஸ் வரிசை நிற்கும். மாசியில் போனால் கூட்டம் இருக்காது, வெயிலும் இன்னும் சுடாது.

இரண்டாவது வழியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது பாதி நாள் விஷயம். இரண்டு நாளுக்கு இழுத்தால் அலுத்துவிடும். ஆனால் வண்டியைக் கையாளக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆரோவில் இருக்கும் மேடு முழுக்கச் செம்மண். 1968 இல் ஆரோவில் தொடங்கியபோது அது மரமே இல்லாத பொட்டல், மழைத் தண்ணீர் அறுத்து அறுத்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. நட்ட மரங்கள் இப்போது காடாகி, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது பாதை. வேர், திடீர் இறக்கம், மணல் திட்டு, மறுபடி ஏற்றம். பிரேக்கை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று ஒரு காலை நேரத்தில் கைக்குப் புரிந்துவிடும். எல்லாப் பாதையும் பொதுவழி அல்ல. சங்கிலி கட்டியிருந்தால் திரும்பிவிடுவதே மரியாதை. ஓரமாக இரும்பை. சம்பந்தர் பாடிய மாகாளம் கோயில். ஐந்து நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

அங்கிருந்து சேதராப்பட்டு வழியாக மயிலம் சாலையைப் பிடித்தால் திருவக்கரை. ஊர் புதுச்சேரியிலிருந்து 30 கிலோமீட்டர் போல. கல்மரம் என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள், ரேகை அழியாமல் கல்லாகிக் கிடக்கின்றன. கிளையும் பட்டையும் இல்லாமல் வெறும் நடுமரமாகவே கிடப்பதால்தான், அவை அங்கே வளர்ந்தவை அல்ல, அடித்து வரப்பட்டவை என்று சொல்கிறார்கள். 1781 இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் இதை எழுதி வைத்துவிட்டார். ஊர்க்காரர்களோ அதற்கும் முன்பிருந்தே, வக்கிரகாளி கோயில் கதையில் வரும் அசுரனின் எலும்பு என்று சொல்லிவருகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் எலும்பு என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் அந்தச் சாலையில் டிப்பர் லாரி. சுற்றிலும் கல்குவாரி. ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனால் அடுத்த நூறு மீட்டருக்குக் கண்ணைத் திறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பரவாயில்லை. போன தடவை என் வண்டி சர்வீசுக்குப் போயிருந்ததால் டவுனில் ஒரு கடையில் கியர் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் பின்கியர் ஒயர் அறுந்து சங்கிலி சின்னப் பல்சக்கரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மிச்ச வழி முழுக்க ஏற்றத்தில் நின்று மிதித்தபடிதான் வந்தேன். "காலையில நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்றார்கள் கடையில். வாடகை வண்டி எடுப்பவர்கள் கடை வாசலிலேயே எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

மூன்றாவது வழிதான் என் வழி. முத்தியால்பேட்டையிலிருந்து விடியும் முன் கிளம்பினால் கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் வரைதான் நெரிசல். அங்கே காக்காயன்தோப்புப் பக்கம் திரும்பி ஆற்றங்கரைக்குப் போனால் அரிக்கமேடு. 1945 இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் மெருகிட்ட ரோமானியப் பாத்திரத் துண்டுகளும் கிடைத்த இடம். கண்ணாடி மணியும் கல்மணியும் செய்து கப்பலேற்றிய ஊர். உண்மையைச் சொன்னால் இப்போது பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மரங்கள், பழைய செங்கல் சுவர், ஆறு. மழை பெய்து மண் கரைந்தால் மணி கிடைக்கும் என்று ஊர்ப் பிள்ளைகள் சொல்வார்கள். கிடைத்தாலும் எடுக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். ஆனால் சூரியன் ஏறும் நேரம் அந்த ஆற்றங்கரையில் நிற்பதற்காகவே நான் இந்த வழியில் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புவேன்.

தவளக்குப்பத்தில் பிரதான சாலையை விட்டு அபிஷேகப்பாக்கம் பக்கம் திரும்பியதும் வயல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர்தான். தையில் சம்பா கதிர் சாய்ந்து, அறுவடைக்குக் காத்து நிற்கும். இந்தச் சாலைகளில் ஒரு வேடிக்கை: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாநிலம் மாறும். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிச் சேர்த்த ஊர் ஒன்று, பக்கத்து வயல் ஆங்கிலேயர் பக்கம், அதற்கடுத்த தோப்பு மறுபடி பிரெஞ்சுப் பக்கம் என்று துண்டு துண்டாகக் கிடந்த எல்லை, அப்படியே இன்றும் இருக்கிறது. எந்தப் பலகையும் பார்க்க வேண்டாம். சாராயக்கடை வந்தால் புதுச்சேரி, போனால் தமிழ்நாடு. இந்த எல்லையைத் தாண்டியதற்காகத்தான் பாரதியை 1918 நவம்பரில் கடலூர்ப் பக்கம் கைது செய்தார்கள். பத்து வருடம் புதுச்சேரியில் இருந்துவிட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் கடலூர்ச் சிறை. நமக்கு அதிகபட்சம் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

பாகூர் ஏரி, புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. கரை மேல் ஏறிவிட்டால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பத்தடி கீழே நெல். நடுவில் ஆள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடித் தடம். பெரிய ஏற்றம் இறக்கம் ஒன்றும் கிடையாது, ஆனால் ஹேண்டில்பாரை அரை நொடி மறந்தால் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். மதகு வரும் இடத்தில் இறங்கித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கொக்கும் நாரையும் நம்மைப் பார்த்துப் பறப்பதுகூட இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும்.

ஊருக்குள் மூலநாதர் கோயில், சோழர் காலக் கற்கோயில். அதற்கும் முந்தி, 9 ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு வித்தியாஸ்தானம், அதாவது கல்லூரி, இருந்தது. அதை நடத்த விளங்காட்டங்கடுவனூர், சேட்டுப்பாக்கம், இறைப்புணைச்சேரி என்று மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்ததை நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. 1752 இல் இதே வயல்வெளியில்தான் லாரன்ஸின் ஆங்கிலப் படையும் கெர்ஜானின் பிரெஞ்சுப் படையும் மோதின. பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். இப்போது அங்கே டிராக்டர் உழுகிறது.

இனி இந்த வழியின் கெடுதலைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது களிமண். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் வரவே கூடாது. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மண் அடைத்து, சக்கரம் சுற்றாமல், சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டிவரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, தென்பெண்ணை பொங்கிக் கடலூர் ஓரத்துக் கிராமங்களை மூழ்கடித்ததை யாரும் மறக்கவில்லை. அந்தத் தையில் ஆற்றங்கரைத் தடம் பல இடங்களில் இருக்கவே இல்லை. சாதாரண வருடத்தில் மார்கழிப் பனியில் மேல்மண் இறுகி, தையில் ஓட்ட வாகாகிவிடும்.

இரண்டாவது, நெருஞ்சி. மழையில் பச்சையாகப் படர்ந்து மஞ்சள் பூ பூத்து அழகாக இருக்கிற அதே கொடி, தை மாசியில் காய்ந்து முள்காயை உதிர்த்துவிடும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் இருக்கும். போன மாசியில் ஏரிக்கரையை விட்டு இறங்கியபோது இரண்டு டயரும் மெத்தென்று இருந்தன. தள்ளிக்கொண்டே ஒரு கிலோமீட்டர் நடந்து ஒரு டீக்கடைப் பக்கத்தில் பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தேன். பெரியவர் ஒருவர். டியூபை உருவி, ஊதி, இரும்புச் சட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி நகர்த்தினார். குமிழி வரும் இடத்தில் எல்லாம் ஒரு தீக்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டே போனார். பின்சக்கரத்தில் மட்டும் பதினொரு குச்சி. டியூபைத் தூக்கிப் பார்த்தால் முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி இருந்தது. "தம்பி, இது சைக்கிளா, இல்ல முள்ளு பொறுக்குற மிசினா?" என்றார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பழைய டியூபை வட்டமாக வெட்டி ஒட்டி, முடிக்க ஒன்றரை மணி நேரம். அதற்குள் மூன்று டீ.

அதோடு முடியவில்லை. காற்றடிக்கப் போனால் பம்பு சேரவில்லை. என் டியூபில் இருந்தது ஒல்லியான ரேஸ் சைக்கிள் வால்வு. அவர் பம்பு நம் ஊர்ச் சைக்கிள் வால்வுக்கானது. பையின் அடியில் கிடந்த பித்தளை அடாப்டர் மட்டும் இல்லையென்றால் அன்றைக்குப் பஸ்தான். அதனால்தான் அக்கா மகனிடம் முதலில் கேட்டது, "டியூப்ல என்ன வால்வுடா?" என்றுதான். அவனுடையது மோட்டார் பைக் மாதிரித் தடி வால்வு. நல்லது. எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று பிடிக்கலாம். டியூபுக்குள் முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் சீலன்ட் திரவத்தைக் கிளம்பும் முன் ஊற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். டயரில் காற்றழுத்தத்தைத் தாரில் 50 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு, கரை ஏறும் முன் 30க்கு இறக்கிவிட வேண்டும். இறுக்கமான டயர் ஒவ்வொரு கட்டியிலும் எகிறும், தளர்ந்த டயர் அதை முழுங்கிக்கொண்டு போகும்.

மூன்றாவது, சாலையில் காயப்போட்ட தானியம். தையில் தார்ச்சாலையின் பாதி களமாகிவிடும். நெல்லின் மேல் ஏறினால் சக்கரம் சறுக்கும், திட்டும் விழும். இரண்டுக்கும் நாம்தான் பொறுப்பு. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

ஆற்றைப் பாலத்தில் கடந்து கடலூர்ப் பக்கம் வந்துவிட்டால் கதை வேறு. 1690 இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். விற்றது யார்? செஞ்சிக்குள் முற்றுகையில் இருந்த அதே ராஜாராம். ஒப்பந்தத்தில் ஒரு வினோதமான நிபந்தனை: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்து. சென்னையிலிருந்து பெரிய பீரங்கியாகவே கொண்டுவந்து சுட்டார்கள். அப்படிச் சிக்கிய ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர்ப்பலகை இன்றும் சாலையோரம் நிற்கிறது. அந்த ஊர் வழியாகத் தாழங்குடாவுக்குப் போய், தென்பெண்ணை கடலில் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டுத் தேவனாம்பட்டினம் வரலாம். ஆங்கிலேயர் வாங்கிய அந்தக் கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர்தான் பெரிது. 1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்ததற்குப் பிறகு மிச்சம் கொஞ்சம் சுவர்தான். ஆனால் பீரங்கிக் குண்டு போன தூரத்தைச் சைக்கிளில் மிதித்து அளக்க முடிகிறதே, அது செஞ்சியில்கூடக் கிடைக்காது.

பிறகு கெடிலம் கரையோரமாகத் திருவந்திபுரம். வேதாந்த தேசிகர் பல வருடம் வாழ்ந்த ஊர். எதிரே ஔஷதகிரி, 74 படி ஏறினால் ஹயக்ரீவர். கல்யாண சீசனில் கோயில் வாசலில் மாப்பிள்ளை, பெண் வரிசையே நிற்கும். தையில் அதுவும் உண்டு, மணியடித்து வழி கேட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கிருந்து எம்.புதூர்ப் பக்கம் ஏறினால் கேப்பர் மலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆனால் சமதரையில் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தவனுக்கு அது மலைதான். செம்மண், முந்திரி, பலா, வேர்க்கடலைக் கொல்லை, மழை அறுத்த ஓடைகள்.

அக்கா மகனை இதில்தான் மடக்கினேன். அவனுக்கு ஆரோவில் செம்மண் பாதையின் வீடியோக்களைப் பார்த்து ஆசை. அந்தச் செம்மேடு, திருவக்கரையில் கல்மரம் புதைந்திருக்கும் மணற்கல், கேப்பர் மலை எல்லாம் ஒரே படிவம்தான். நிலவியலார் அதற்கு வைத்திருக்கும் பெயரே கடலூர் மணற்கல். "அதே மண்ணுடா. அங்க போற லாரி இங்க இல்ல." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி மாமா, செஞ்சி மாசியில கண்டிப்பா?" என்றான். கண்டிப்பாக என்றேன்.

இன்னொன்று, காற்று. தையில் வடக்கிலிருந்து வாடை அடிக்கும். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் தள்ளும். அதனால் போவதற்கு மட்டும் மிதி, திரும்புவதற்குக் குட்டி யானை. ஆனி ஆடியில் மேல்காற்று வீசும்போது செஞ்சியிலிருந்து இந்தப் பக்கம் ஓட்டினால் இதைவிடச் சுகம், ஆனால் அப்போது வெயிலில் ஆவியாகிவிடுவோம்.

நாளும் குறித்தாயிற்று. தை 4 காலை புறப்பாடு, சுற்றிச் சுற்றி 55 கிலோமீட்டர் பக்கம், இரவு திருப்பாதிரிப்புலியூரில் சித்தி வீடு. மறுநாள் தை 5, தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு இறங்கும். மணலில் ராட்டினம், வளையல் கடை, கிழங்கு வியாபாரம். அன்று ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்ட முடியாது, தள்ளக்கூட முடியாது. பூட்டிவிட்டு இறங்கி நடக்க வேண்டும். கேப்பர் மலையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு மத்தியானத்துக்குள் ஆற்றுக்கு வந்துவிடலாம் என்று திட்டம்.

குட்டி யானைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். சித்திக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை, பாகூர் ஏரிச் சேறோடு இரண்டு சைக்கிள் அவர் வீட்டுத் திண்ணையில் ஏறப்போகிறது என்று.